நாய் இருக்கும் கடை

எனக்கு நாய் என்றால் பயம். நாற்பதைத் தாண்டிய பெண் இதைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டு, "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்கிறார்கள். நாய் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான் போலிருக்கிறது. ஒன்றும் பண்ணாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? நாயைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிடுகிறது. பின்னங்கழுத்து வேர்த்துவிடுகிறது. இடது கெண்டைக்காலில் பழைய தழும்பு இருக்கும் இடம் சுருக்கென்று இழுக்கிறது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஒரு நாய் பிடித்த தழும்பு அது. வெறி நாய் என்றார்கள். அப்பா என்னை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. கடித்த வலி எனக்கு இப்போது நினைவில்லை. வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததுதான் நினைவில் இருக்கிறது. அவ்வளவு பயந்த மனிதரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நாயைவிட அந்தப் பயம்தான் எனக்குள் புகுந்துகொண்டது என்று பிற்பாடு தோன்றியிருக்கிறது.

விருத்தாசலத்துக்கு நான் வேலைக்காக வந்தேன். அதற்கு முன்னால் ஒரு கல்யாணம், ஒத்துவரவில்லை, சீக்கிரமே பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அப்பாவும் அம்மாவும் இருந்தவரை ஸ்ரீமுஷ்ணத்து வீடு எங்கள் வீடாக இருந்தது. அவர்களுக்குப் பிறகு அது தம்பி வீடாகிவிட்டது. தம்பி எதுவும் சொன்னதில்லை, அவன் மனைவியும் சொன்னதில்லை. சொல்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவது நல்லது என்று எனக்குத்தான் பட்டது. இங்கே ஒரு சிறிய செராமிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மின்சாரப் பெட்டிகளில் மாட்டுகிற பீங்கான் சாமான்கள் செய்கிற இடம். சூளையிலிருந்து இறங்குவதைத் தட்டிப் பார்த்து, நல்லதைத் தனியாக, விரிசல் விட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். மெஷின் சத்தம் ஒரு பக்கம், மண் தூசி ஒரு பக்கம். எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். பேச வழியில்லை. டீ நேரத்தில் துணியை அவிழ்த்தால் கூட இருக்கும் பெண்கள் போனை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பேசப் போய்விடுவார்கள்.

அதனால் நான் பேசுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் ஓர் அக்காவின் இட்லிக் கடை.

கடை என்று தனியாக ஒன்றும் இல்லை. அக்கா வீட்டின் முன்கூடம்தான் கடை. இரண்டு வரிசை பெஞ்சு, தகரம் அடித்த மேசைகள். பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் துணி துவைக்கிற கொஞ்சம் இடம். கூடத்தின் மூலையில் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் நான் உட்காருவேன். அக்கா தோசை ஊற்றிக்கொண்டே பேசுவார். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. "ராத்திரி தூங்கினியா? கண்ணு வீங்கியிருக்குது." "நேத்து என்னா கொழம்பு வச்ச?" "அந்த பச்சப் பொடவைய ஏன் கட்டுற, கழுத்துல நெறமே தெரியல பாரு." இப்படித்தான். ஆனால் நான் ராத்திரி தூங்கினேனா என்று கேட்க விருத்தாசலத்தில் வேறு ஆள் கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வேலைக்குப் போவதற்கும், சொல்லாமல் போவதற்கும் வித்தியாசம் இருந்தது.

தினமும் வருகிற முகங்கள் வேறு சிலவும் இருந்தன. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், வாய் ஓயாமல் பேசுவார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், குளித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்து, இரண்டு இட்லியை ஒரு மணி நேரம் சாப்பிடுவார். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை என்று அக்காதான் ஒருநாள் சொன்னார். நாங்கள் யாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் யாராவது ஒருநாள் வரவில்லை என்றால் மற்றவர்கள் கேட்பார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம். ஒரே மகன், சென்னையில் வேலையில் இருந்தான். அங்கே அறையில் ஒரு நாய் வளர்க்கிறான் என்று அக்கா சொல்லியிருக்கிறார். "இவனுக்கே ஒழுங்கா சோறு ஆக்கிக்கத் தெரியாது. அதுக்குக் கோழி வேவ வைக்கிறானாம்" என்று சிரிப்பார். அது சென்னையில் இருக்கும் நாய்தானே என்று நானும் சிரித்தேன்.

பிறகு அந்தப் பையனுக்கு துபாயில் வேலை கிடைத்தது. நாயை ஒரு காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தான். ஒரு வாரம் அம்மாவுடன் இருந்துவிட்டு, நாயை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான். அந்த வாரம் கடை மூடியிருந்தது. திறந்த அன்று நான் வழக்கம்போலப் போனேன். வாசற்படியில் செருப்பை விடக் குனிந்தபோது உள்ளே மேசைகளுக்கு நடுவில் ஏதோ பழுப்பாக எழுந்து நின்றது.

லேப்ரடார் என்று பிறகு சொன்னார்கள். கன்றுக்குட்டி அளவு இருந்தது. காது தொங்கிக்கொண்டு, கழுத்தில் சிவப்பு பெல்ட். வாலை ஆட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தது. நான் செருப்பை ஒரு காலில் மாட்டியும் மாட்டாமலும் சாலைக்கு ஓடினேன். பின்னால் ஒரு பைக்காரர் பிரேக் போட்டுத் திட்டினார்.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "அட, ஏம்மா ஓடுற? அது ஒண்ணும் பண்ணாது. கொழந்த மாதிரி. வா உள்ள."

"அக்கா, எனக்கு ஆகாதுக்கா. கட்டுங்கக்கா."

"கட்டுனா கத்துதும்மா. அதுக்குப் பழக்கமில்ல. நீ வந்து ஒக்காரு, கொஞ்ச நேரத்துல பழகிடும்."

உள்ளேயிருந்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "வாங்க மேடம்! நம்ம கடைக்கு செக்யூரிட்டி வந்திருக்காரு, பேன்ட் சட்டதான் போடல!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சாலையில் நின்றேன். அக்கா இலையில் நாலு இட்லி கட்டிக் கொடுத்தார். அன்று கம்பெனி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று சாப்பிட்டேன்.

எங்கள் ஊரில் கடையும் நாயும் புதிதல்ல. கறிக்கடை வாசலில் நாய், டீக்கடை வாசலில் நாய். வெயில் காலத்தில் ஏ.டி.எம். உள்ளேயே ஏ.சி.யில் இரண்டு படுத்திருக்கும், பணம் எடுக்க வருகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போவார்கள். நான் மட்டும் அடுத்த ஏ.டி.எம்.முக்கு நடப்பேன். ஆனால் தெரு நாய்க்குத் தன் எல்லை தெரியும். சாப்பாட்டுக் கடை படியில் முன்காலை வைத்துவிட்டு, உள்ளேயிருந்து 'ச்சூ' என்று ஒரு சத்தம் வந்தால் எடுத்துக்கொள்ளும். கடைக்கு உள்ளேயே, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில், தன் வீடு என்ற உரிமையோடு ஒரு நாய் படுத்திருப்பதை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. உண்மையில் அது அதன் வீடுதான். அதுதான் சிக்கல்.

வாடிக்கைக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து நாயோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு பொங்கல் சாப்பிட்டுப் போனார்கள். ஆட்டோக்காரர் தன் வடையில் பாதியை அதற்குப் பிட்டுப் போட்டார். ரயில்வே பெரியவருக்குப் பிடிக்கவில்லை. அவர் பயப்படவில்லை, அது வேறு.

"சாப்புடற எடத்துல முடி கொட்டுமேம்மா" என்றார்.

"தெனம் துணியால தொடச்சி விடுறேன் சார். ஞாயித்துக்கெழம சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுறேன்."

"குளிச்சாலும் நாய் நாய்தானேம்மா."

அக்கா கல்லுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோசையைத் திருப்பினார். பெரியவர் சொல்லிவிட்டாரே தவிர வருவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக உட்கார ஆரம்பித்தார். தட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்துக்கொள்வார்.

நான் தினமும் வாசலில் நின்று பார்சல் வாங்கினேன். சில நாள் கழித்து அக்காவுக்கே பொறுக்கவில்லை. "நீ வர்ற நேரத்துக்கு அத பின்னால கட்டி வச்சிடுறேன். உள்ள வந்து ஒக்காந்து சாப்டும்மா. நீ ரோட்டுல நிக்கிறது எனக்கு நல்லாயில்ல" என்றார்.

மறுநாள் பின்பக்கம் துவைக்கிற இடத்தில் நாயைக் கட்டிவிட்டு, நடுக் கதவைச் சாத்தி, கூடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்து வைத்திருந்தார். நான் என் பெஞ்சில் உட்கார்ந்தேன். இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது நாய் அழ ஆரம்பித்தது. குரைப்பு இல்லை, அழுகைதான். இழுத்து இழுத்து, நடுவில் மூச்சு விட்டு, மறுபடியும். தரையைக் காலால் பிறாண்டும் சத்தமும் கேட்டது. எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஆட்டோக்காரர்கூடப் பேசவில்லை. அக்கா இரண்டு தடவை கதவுப் பக்கம் திரும்பினார். என்னிடம் ராத்திரி தூங்கினாயா என்று கேட்டார், ஆனால் பதிலைக் கேட்கவில்லை. அவர் காது அங்கே இருந்தது.

அப்படியே கொஞ்ச நாள் போனது. நான் வேக வேகமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். நான் படி இறங்கி நாலு வீடு தாண்டுவதற்குள் அழுகை நின்றுவிடும். அவிழ்த்துவிட்டார்கள் என்று தெரியும். நான் போனதும் அந்தக் கூடத்தில் பேச்சு திரும்ப ஆரம்பிக்கும் என்றும் தெரியும்.

ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் அடித்தது. மகன். வீடியோ கால். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை அலமாரியில் சாய்த்து வைத்தார்.

"எங்கம்மா அவன்? காட்டு."

"பின்னால இருக்கான்டா. நீ சாப்ட்டியா?"

"ஏம்மா கத்துறான்? கட்டி வச்சிருக்கியா?"

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "ஒருத்தங்க பயப்படுறாங்கடா. கொஞ்ச நேரந்தான்."

"ஒருத்தருக்காகவா? அவங்களுக்குப் பயம்னா அவங்க வேற கடைக்குப் போவட்டும். அவன் எங்கம்மா போவான்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அந்தப் பையன். ஏதோ நியாயத்தைக் கேட்பதுபோலச் சொன்னான். அக்கா அவசரமாகப் போனை எடுத்துக்கொண்டு நடுக் கதவைத் திறந்து பின்னால் போய்விட்டார். அங்கே நாய் மகிழ்ச்சியில் குதிக்கிற சத்தமும், போனில் மகன் அதைப் பெயர் சொல்லிக் கொஞ்சுகிற சத்தமும் கேட்டது. நான் கையைக் கழுவினேன். தட்டில் ஓர் இட்லி மீதியிருந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

கோபம் என்று சொல்ல முடியாது. பையன் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் போக நாலு கடை இருக்கிறது, நாய்க்கு ஒரு வீடுதான். அதை யோசித்து யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போய்ப் பார்த்தேன். டோக்கன் வாங்கி, நீட்டி, தட்டை வாங்கிக்கொண்டு நின்றபடி சாப்பிட வேண்டும். இட்லி அக்கா கடையைவிட மெத்தென்றுதான் இருந்தது. ஒரு மாதம் போனேன். டோக்கன் கொடுப்பவர் ஒருநாள்கூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மீது குற்றமில்லை. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கும் திட்டக்குடி பஸ்ஸுக்கும் ஓடுகிறவர்கள் நடுவில் அவர் யார் முகத்தைப் பார்ப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டு அறையிலேயே சமைக்க ஆரம்பித்தேன். ஒருத்திக்கு மட்டும் இட்லி மாவு அரைப்பது வீண் வேலை. ரவையைக் கிளறிச் சாப்பிட்டேன். சில நாள் அதுவும் இல்லாமல் பிஸ்கட்டோடு கிளம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனியில் சூப்பர்வைசர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. இருமிச் சரிசெய்துகொண்டு சொன்னேன். "ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியை விட்டு வந்ததிலிருந்து அந்த நிமிஷம் வரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பழமலைநாதர் கோயிலுக்குப் போயிருந்தேன், பிரகாரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் பேச யாருமில்லை. சாமியிடம் நான் வாய்விட்டுப் பேசுகிறவள் இல்லை.

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே ஜங்ஷன் சாலை வழியாக நடந்தேன். எதிர்ப் பக்கமாக. கடை மூடுகிற நேரம், அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாய் வாசற்படியில் தலையை வைத்துப் படுத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா நிமிர்ந்தால் கையை அசைக்கலாம் என்று நினைத்தேன். நாய்தான் நிமிர்ந்தது. நடையை வேகமாக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் சில வாரம் கழித்து, மார்க்கெட்டில் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்தேன். எப்போதும்போலச் சிரித்துக்கொண்டு வரவில்லை.

"என்னங்க மேடம், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்ன பண்ணேன்?"

"கடைக்கு ஃபுட் ஆபீசர் வந்துட்டாங்கல்ல. யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. மேசைக்கு அடியில நாய் படுத்திருக்கிற போட்டோ. சாப்பாடு போடுற எடத்துல பிராணி இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்கதான் அனுப்புனதுன்னு பேசிக்கிறாங்க."

"நான் அனுப்பலிங்க."

"நான் சொல்லல. பேசிக்கிறாங்க." ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வாங்கின கத்திரிக்காயைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு நேராக அக்கா கடைக்கு நடந்தேன். மத்தியான வெயில். கூடத்தில் யாருமில்லை. பெஞ்சுகளைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் நாய். என்னைப் பார்த்ததும் அது எழுந்தது. அக்கா அதன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். நான் கீழ்ப்படியில் நின்றேன். அதற்கு மேல் கால் ஏறவில்லை.

"வந்தியா" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். "நீதான் எழுதிப் போட்டியாம்மா?"

"இல்லக்கா."

"நெசமாவா?"

"சத்தியமா இல்லக்கா. எனக்கு அப்படிப் போடணும்னு தோணவே இல்ல. நான்தான் வர்றத நிறுத்திக்கிட்டேனே."

அக்கா ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் நீ இல்லன்னு. தெரிஞ்சும் கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

வெயில் முதுகில் சுட்டது. அக்காவே தொடர்ந்தார், நாயின் தலையைத் தடவிக்கொண்டே.

"அவன் சென்னையில இருக்கறப்ப மாசத்துக்கு ஒருக்கா போன் போடுவான். 'சாப்ட்டியா, மாத்திர போட்டியா'ன்னு கேப்பான், அதோட வச்சிடுவான். இப்ப தெனம் போடுறான். ரெண்டு தடவ கூட போடுறான். நாயப் பாக்கத்தான் போடுறான், எனக்குத் தெரியாதா? நான் போனத் திருப்பித் திருப்பி இதக் காட்டுவேன். இதக் காட்டுறப்ப ஓரத்துல எம்மூஞ்சியும் கொஞ்சம் தெரியும். அப்ப கேப்பான், 'ஏம்மா எளச்சிட்ட'ன்னு."

அவர் அழவில்லை. சாதாரணமாக, குழம்பு வைத்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"இத எங்கயாவது குடுத்துடுன்னு சொல்றாங்க. திட்டக்குடி தாண்டி மங்களூர் பக்கம் எங்க சொந்தத்துல ஒருத்தரு முந்திரித் தோப்புல கட்டி வச்சிக்கிறேங்கறாரு. குடுத்துட்டா அவன் எதுக்கும்மா போன் போடுவான்?"

அந்த நேரத்தில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மனசு அதற்குத்தான் தவித்தது. ஆனால் அவர் கை எட்டும் தூரத்தில் நாய் இருந்தது. அது என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டேயிருந்தது, பாவம். நான் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டு, "அழாதீங்கக்கா" என்றேன். அழாதவரைப் பார்த்து.

"போயிட்டு வரேன்க்கா" என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

போட்டோ அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பெரியவர் என்று ஒரு பேச்சு வந்தது. அவரிடம் படம் எடுக்கிற போனே கிடையாது. கல்லூரிப் பெண்கள் எடுத்த படம் எங்கெங்கோ சுற்றி யார் கண்ணிலோ பட்டதாக இன்னொரு பேச்சு. வெளியூர்க் குடும்பம் ஒன்று சட்னியில் முடி கிடந்ததாகச் சண்டை போட்டுவிட்டுப் போனதாகவும் சொன்னார்கள். எதுவாகவும் இருக்கலாம். சட்னியில் முடி கிடந்தால் கேட்கத்தான் செய்வார்கள்.

சாப்பாட்டுக் கடைக்குள் நாய் இருக்கலாமா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கூடாது என்று சட்டம் சொன்னால் சட்டம் சரிதான். என்னைப் போல் பயந்தவர்கள், சின்னப் பிள்ளைகள், சுத்தம் பார்க்கிறவர்கள் எல்லோரும் வருகிற இடம். ஆனால் அக்காவிடம் அதைச் சொல்ல என்னால் முடியாது. அவருக்கு அது கடை மட்டுமில்லை. எனக்கும் அது கடை மட்டுமில்லை. இரண்டு பேருக்கும் அந்தக் கூடம் வேண்டியிருந்தது. ஒரே கூடம்தான் இருந்தது.

அக்கா நாயைக் கொடுக்கவில்லை. கடையை மாற்றிவிட்டார். பெஞ்சுகளையும் மேசைகளையும் ஒரு வேனில் ஏற்றி யாருக்கோ கொடுத்தார். சாலையைப் பார்த்த ஜன்னலைப் பெரிதாக்கி, கம்பியை எடுத்துவிட்டு, பலகை அடித்தார். அடுப்பை அந்த ஜன்னலோரத்துக்குக் கொண்டுவந்து, நாய் அந்தப் பக்கம் வராதபடி இடுப்பளவுக்கு ஒரு தடுப்பும் வைத்தார். இப்போது பார்சல் மட்டும்தான். ஆபீசர் திரும்ப வந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டுப் போனாராம். வியாபாரம் குறையவில்லை. காலையில் ஜன்னலில் கூட்டம் நிற்கிறது. பின்னால் காலியாகக் கிடக்கும் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நாய் நன்றாகக் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. துபாய்ப் பையன் ஒப்பந்தத்தை இன்னும் நீட்டித்துக்கொண்டான் என்று கேள்வி. போன் தினமும் வருகிறது.

ஜன்னல் வந்த பிறகு நான் மறுபடியும் போகிறேன். நடுவில் சுவரும் தடுப்பும் இருப்பதால் என்னால் நிற்க முடிகிறது. அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிறார். "ராத்திரி தூங்கினியா?" என்று கேட்கிறார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, "ரெண்டு பொங்கல் ஒரு வடைங்க, ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்கிறது. அக்கா திரும்பிவிடுகிறார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நான் நகர்கிறேன். யார் மேலும் தப்பில்லை. ஜன்னலில் நின்று எவ்வளவு பேச முடியும்.

உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் இப்போது எங்கெங்கோ சாப்பிடுகிறார்கள். ஆட்டோக்காரர் ஆட்டோவின் பின் சீட்டில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு என் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது போலிருக்கிறது, தலையை ஆட்டுகிறார். ஆனால் வாய் நிறைய இட்லியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் அவர் ஊமை மாதிரி இருக்கிறார்.

போன மாதம் தம்பி மகளின் காதுகுத்துக்கு அழைப்பு கொண்டுவந்த சொந்தக்காரர் ஒருவரைக் காலையில் ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்குப் போனேன். ரயில் போனதும் பிளாட்பாரத்தில் திரும்பி நடந்து வரும்போது, கோடியில் ஒரு சிமெண்டு பெஞ்சில் ரயில்வே பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அக்கா கடைப் பொட்டலம். காகிதத்தை ஒழுங்காகப் பிரித்து, சட்னியை ஓரமாக வைத்து, அதே ஒரு மணி நேரச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த ரயிலுக்கும் காத்திருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வேலை பார்த்த இடம் என்பதால் யாரும் அவரைக் கேட்பதில்லை போலிருக்கிறது.

என்னைப் பார்த்துவிட்டார். இடது கையைத் தூக்கினார்.

"வாம்மா. சாப்புடறியா?"

கேட்டதோடு நிற்காமல் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தும் கொடுத்தார். என் பையில் என் பொட்டலம் இருந்தது, இன்னும் சூடு ஆறாமல்.

"ஆச்சுங்க சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடாமலே இருந்து இருந்து, கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துபோயிருக்கலாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் இட்லியைப் பிட்டார். நான் மேம்பாலத்தின் படியேறி, பாதியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் நகர்ந்து கொடுத்த இடம் அப்படியேதான் இருந்தது. கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீதிப் படியையும் ஏறினேன்.